திங்கட்கிழமைக் கீமோவும் ஒரு மெழுகு பிளாக்கும்

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து அம்பாசமுத்திரம் போன மூன்றாம் நாள், பெரியம்மா தன் பயாப்சி ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு 71 வயது. ரிப்போர்ட்டில் இரண்டே வரி: பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய். எந்த வகை, ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லை வளரவைக்கும் புரதம்) உண்டா, ஹெர்-2 (வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஏற்பி) உண்டா என்று ஒரு சொல் இல்லை. அதை வைத்துக்கொண்டே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை, வரும் திங்கட்கிழமை கீமோ என்று நாள் குறித்திருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மார்பகப் புற்று என்பது ஒரே நோய் அன்று. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வருவது பொதுவகை. அரிய வகைகளோ ஒன்றுக்கொன்று நேரெதிராக நடந்துகொள்பவை. மெட்டாபிளாஸ்டிக் வகை நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. வந்தால் வேகமாக வளரும், பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் இருக்காது, கீமோவுக்கும் எளிதில் மசியாது. மியூசினஸ் வகை அப்படியில்லை. அதன் செல்கள் சளி போன்ற குழம்பில் மிதக்கும். கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் அப்படி இருந்தால் தூய மியூசினஸ். வயதான பெண்களுக்கே அதிகம் வருகிறது, மெல்ல வளர்கிறது, அக்குளுக்குப் பரவுவதும் குறைவு. இரண்டு வரி ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் ஒன்றுதான்!

லேபுக்குப் போய் பிளாக்கைக் கேட்டேன். ஃபார்மலினில் ஊறிய திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களே, அதுதான். பல ஆண்டுகள் கெடாது. மறுபடி ஊசி குத்தாமலே அதிலிருந்து புதிய சீவல்கள் எடுத்துச் சோதிக்கலாம். "ரிப்போர்ட்தான் கொடுத்துவிட்டோமே" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பெரியம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொண்டுபோனேன். உள்ளேயிருந்த ஒரு பெண் பழைய அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடி எடுத்துத் தந்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

பிளாக்கைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. விடுப்பை நீட்டித்துக்கொண்டேன். திங்கட்கிழமை போய்விட்டதே, நோய் முற்றிவிடுமோ என்று பெரியம்மா இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். வந்தது: தூய மியூசினஸ், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ்.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே அறுவை முடிந்தது. கூட்டத்தில் வெகுநேரம் நின்றோம், கட்டில் கிடைக்க இரண்டு நாள் ஆனது. ஆனால் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு, பெரியம்மாவுக்கே புரியும்படி விளக்கினார். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், அக்குளில் எதுவும் இல்லை. கீமோ வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒன்று, ஐந்து ஆண்டுகளுக்கு. எலும்பு தேய்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும் என்றார்.

"அப்படியானால் முடி கொட்டாதா?" என்று பெரியம்மா இரண்டு முறை கேட்டார்.

அடுத்த பரிசோதனை ஆடியில். தம்பி அழைத்துப் போகிறான். பிளாக்கைப் பெரியம்மா வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.