அம்மாவின் ரிப்போர்ட்டைச் சுருக்கப் போய் நான் பட்டது

பெரிய பிடிஎஃப் ஃபைலை நொடியில் சின்னதாக்கித் தருகிறோம் என்று வரும் ஆப்களைப் பயன்படுத்துபவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அம்மாவின் சிறுநீரகப் பிரச்சினைக்கு இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. பழைய ரிப்போர்ட் 62 பக்கம். எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) கலராக ஸ்கேன் செய்து ஒரே ஃபைலாக்கினேன். 140 எம்பி வந்தது. அனுப்ப வேண்டிய இடத்திலோ 10 எம்பிக்கு மேல் ஏற்காது. ஜிப் செய்து பார்த்தேன், குறையவே இல்லை. உள்ளே இருக்கும் படங்கள் ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருங்கியவை, பிறகு ஜிப்பால் என்ன செய்ய முடியும்?

அவசரத்தில் ஒரு இலவச ஆப்பை இறக்கினேன். சுருக்கி முடித்து "3 எம்பி" என்று காட்டிய பிறகுதான் கார்டு நம்பர் கேட்டது. 7 நாள் இலவசம் என்றார்கள், கொடுத்துவிட்டேன். "பழைய ஃபைலுக்குப் பதிலாகச் சேமி" என்ற கட்டத்தில் டிக் முன்பே போடப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். "மார்ச் மாத கிரியேட்டினின் 1.6-ஆ, 1.8-ஆ? எனக்குத் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்." சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது. திறந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க எண்கள் புகைபோலக் கரைந்திருந்தன. மூலத்தைப் பார்க்கலாமென்றால் அதே பெயரில் அந்த 3 எம்பி ஃபைல்தான் உட்கார்ந்திருந்தது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. எல்லாப் பக்கத்தையும் ஆப் 72 டிபிஐ-க்கு இறக்கியிருக்கிறது. ரிப்போர்ட்டில் எண்கள் 8 பாயின்ட் எழுத்தில் இருக்கும் (ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு). 72 டிபிஐ-யில் 8 பாயின்ட் என்றால் மொத்த உயரமே 8 பிக்சல். அதற்குள் 6, 8, 3 எல்லாம் ஒரே கறையாகிவிடும். 300 டிபிஐ-யில் அதே எழுத்துக்கு 33 பிக்சல் கிடைக்கும். போன பிக்சல் திரும்ப வராது. தெளிவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்களையும் இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அவை ஊகித்து வரைபவை, அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் ஊகத்துக்கு இடமில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் 6 இருந்த இடத்தில் 8-ஐப் பளிச்சென்று மாற்றி வைப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அளவைக் குறைக்கும் ஜேபிக்2 முறையின் விளைவு அது. மங்கலாக இருந்தால் டாக்டர் சந்தேகப்பட்டுப் போன் செய்வார். தெளிவாகத் தப்பாக இருந்தால் யார் கேட்பார்?

லேப் டிஜிட்டல் கையெழுத்திட்டு மெயிலில் அனுப்பியிருந்த நான்கு பக்கங்களையும் அந்த ஃபைலோடு சேர்த்திருந்தேன். அவற்றில் கையெழுத்து செல்லாமல் போய்விட்டது. கையெழுத்திட்ட பகுதியில் ஒரு பைட் மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும், அதனால் அப்படிப்பட்டவற்றைச் சுருக்கவோ வேறு ஃபைலோடு சேர்க்கவோ கூடாது. லேப்பின் மெயில் இன்னும் இருந்ததால் அதைத் தனியாக அனுப்பினேன்.

நல்லவேளை, காகிதங்களைத் தம்பி பத்திரமாக வைத்திருந்தான். இந்த முறை 200 டிபிஐ, கிரேஸ்கேல் (கலர் இல்லாமல் சாம்பல் நிறச் சாயல்கள் மட்டும்). 600-லிருந்து 200 டிபிஐ-க்கு இறக்கியதிலேயே பெரும்பகுதி குறைந்துவிட்டது, கலரை விட்டதில் இன்னும் கொஞ்சம், 62 பக்கமும் 9 எம்பிக்குள் அடங்கியது. எந்த ஆப்பும் தேவைப்படவில்லை. மிகச் சிறிய எழுத்துள்ள பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே அனுப்பினேன். அந்த எண் 1.8.

ஆப்பை மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். ஆனால் ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது, அதைத் தனியாகப் போய் நிறுத்த வேண்டும். எட்டாம் நாள் ஒரு வருடத்துக்கான பணம் எடுக்கப்பட்டது. வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். சுருக்கும் வேலை என் போனில் நடக்கவில்லை, அவர்கள் சர்வரில் நடந்திருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் பெயர், வயது, நோய் விவரம் எல்லாம் அங்கே போயிருக்கின்றன. அழித்துவிடச் சொல்லி மூன்று மெயில் போட்டேன். இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.