பறக்கும் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இன்ஜின் லாக் புக்கைக் கேளுங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை விமானியாக்குகிறோம் என்று திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஓட்டல் அரங்குகளில் கூட்டம் போட்டு முன்பணம் வாங்கும் ஒரு வெளிமாநிலப் பயிற்சி நிறுவனம் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். என் மகளை எப்படிப்பட்ட விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

வண்ணார்பேட்டைக் கூட்டத்தில் அவர்கள் காட்டிய படங்களில் எல்லாமே புத்தம் புதிய விமானங்கள். "அண்ணாச்சி, உங்கள் மகள் சீருடையோடு வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்" என்றார் முகவர். முன்னீர்பள்ளத்து வயலை விற்று முதல் தவணையாக 15 லட்சம் கட்டினோம்.

அங்கே போனதும் அவளுக்குக் கிடைத்தது செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானம். அந்த ரகத்தின் உற்பத்தி 1985-இலேயே நின்றுவிட்டது. அதில் எதை எடுத்தாலும் நாற்பது ஆண்டுப் பழசு. பழசு என்பதற்காக நான் சண்டைக்குப் போகவில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒழுங்காகப் பராமரித்த பழைய இயந்திரத்தின் அருமை எனக்குத் தெரியும். உலகெங்கும் இந்தச் சின்ன விமானங்களில்தான் இன்றும் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆனால் எந்தப் பாகத்தை எப்போது கழற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் எங்களிடமிருந்து மறைத்தார்கள்.

ஓடுபாதைக்கு விமானத்தை உருட்டிச் செல்லும்போது மகளின் இருக்கை திடீரென்று பின்னால் வழுக்கியது. கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். செஸ்னாவில் விமானியின் இருக்கை இரண்டு தண்டவாளங்கள் மேல் நகரும். தண்டவாளத்தில் உள்ள துளைக்குள் ஆணி போன்ற ஒரு பின் இறங்கி இருக்கையை நிறுத்தும். பல்லாண்டுப் பயன்பாட்டில் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் பின் முழுதாக இறங்காது. விமானம் மூக்கைத் தூக்கி மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னால் ஓடினால், பிடித்திருக்கும் கைகள் கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். மூக்கு இன்னும் உயரும், வேகம் செத்துவிடும், தரையோ பக்கத்திலேயே இருக்கும். இப்படி உயிர்கள் போனதால்தான் இந்தத் தண்டவாளங்களையும் பின்களையும் ஒவ்வொரு 100 மணி நேரப் பறப்புக்கும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இலேயே உத்தரவிட்டது. 2011-இல் அதைப் புதுப்பித்தது.

மகள் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, பழுதுப் பதிவேட்டில் எழுதப் போனாள். "எழுதினால் விமானம் நின்றுவிடும், வாயால் சொல்லிவிட்டுப் போ" என்று தடுத்திருக்கிறார்கள். மறுநாள் அதே விமானத்தில் தனியாகப் பறக்கச் சொன்னார்கள். அவள் மறுத்தாள். பயந்தவர்கள் விமானி ஆக முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திட்டினார் அங்கே பொறுப்பில் இருந்தவர். பத்தொன்பது வயதுப் பெண். தனியாகப் பறக்கும்போது அந்த விமானத்துக்கு அவள்தான் பொறுப்பு. டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலை வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும், எண்ணெய் அளவு பார்ப்பதும், மனம் ஒப்பாவிட்டால் இறங்கிவிடுவதும் அவள் கடமை. பாடப் புத்தகத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தவர்களே, அவள் அதைச் செய்தபோது அவமானப்படுத்தினார்கள். இதை என்னால் மன்னிக்க முடியாது.

நான் நேரில் போய் இன்ஜின் லாக் புக்கை, அதாவது இன்ஜின் ஓடிய நேரமும் அதில் நடந்த வேலைகளும் எழுதப்படும் பதிவேட்டை, கேட்டேன். பெற்றோருக்குக் காட்டுவதில்லை என்றார்கள். வழக்கறிஞர் மூலம் கடிதம் போன பிறகுதான் நகல் வந்தது. இன்ஜின் ஓடிய மணி நேரம், ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பதற்கு) முன் ஓடலாம் என்ற வரம்புக்குள்தான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியே எல்லாம் சரி என்று வாதிட்டார்கள். ஆனால் மணிக்கணக்கு நிரம்பாவிட்டாலும் பன்னிரண்டாவது ஆண்டில் இன்ஜினை ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது அதைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் பரிந்துரை. இந்த இன்ஜின் அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் நீண்ட காலம் விமானம் சும்மா நின்றிருக்கிறது. அப்போது இன்ஜினைத் துருவிலிருந்து காக்க என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. லைகமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே போய்விடும், கேமும் அது தள்ளும் டேப்பெட்டும் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தாலும் இது கண்ணில் படாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மாணவி தானாகவே விலகிவிட்டாள், விலகியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். பாதுகாப்பில்லாத விமானத்தில் ஏற மறுத்தது அவர்கள் கணக்கில் விலகல்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அத்தனை நேரம் உங்கள் பிள்ளை உட்காரப் போகும் விமானங்களின் பதிவெண்களை முதலில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றின் பறக்கும் தகுதிச் சான்றிதழும் எந்தத் தேதி வரை செல்லும், இன்ஜின் கடைசியாக எந்த ஆண்டு ஓவர்ஹால் ஆனது, இருக்கைத் தண்டவாளச் சோதனை எப்போது நடந்தது என்று கேளுங்கள். நல்ல பள்ளி இதற்குக் கோபப்படாது. பழுது காரணமாகப் பறக்க மறுத்தால் கட்டணம் பறிபோகாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. நாங்கள் மாட்டிக்கொண்ட இடமும் அதில் இருந்தது.

மகள் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். அங்கேயும் பழைய செஸ்னா 172-தான். முதல் நாளே பராமரிப்புப் பொறியாளர் லாக் புக்கை மேசையில் விரித்து வைத்து, கேள்வி கேளுங்கள் என்றார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; அந்த வெளிமாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதே கூட்டத்தில் பணம் கட்டியவர்கள் ரசீது, ஒப்பந்த நகல், விளம்பரத் தாள், பழுது பற்றி அனுப்பிய கைப்பேசிச் செய்திகள் எதையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். எங்கள் வழக்கோடு சேர விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.