பச்சை விளக்கைக் காட்டி 9,000 ரூபாய்

வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டை இணையத்துக்குள் தனிப் பாதை போடும் விபிஎன் கொண்டு இணைத்துத் தருவதாகச் சொல்லி, ஒருவர் என்னிடம் மூன்று தவணையாக 9,000 ரூபாய் வாங்கினார். கடையின் பெயரைப் போடவில்லை. அவர் காட்டிய வித்தையை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாளை வேறொருவர் உங்கள் வீட்டு மேசையில் அதையே காட்டினால் உடனே பிடித்துவிடலாம்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் முழுக்க வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்பதால் இரண்டு மாதம் கோவையில் அண்ணன் வீட்டில் தங்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதிலிருந்து இதைத் திறக்க முடிந்தால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் எதுவும் தவறாது என்று கணக்குப் போட்டேன்.

வந்தவர் தன் லேப்டாப்பை எங்கள் வைஃபையில் இணைத்தார். அதிலும் டெஸ்க்டாப்பிலும் வயர்கார்டு என்ற இலவச விபிஎன் மென்பொருளைப் போட்டார். பட்டனை அழுத்தியதும் பச்சையாக 'ஆக்டிவ்' என்று வந்தது. லேப்டாப்பில் என் டேலி ஃபோல்டரைத் திறந்து காட்டி, "இனிமே கோயம்புத்தூர் என்ன மேடம், அமெரிக்காவுலேர்ந்தும் திறக்கலாம்" என்றார். கோவைக்கான ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு 4,500 வாங்கிக்கொண்டார். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பில் எங்கே என்று கேட்டே பிழைக்கிறவள் நான்.

கோவையில் பச்சை வந்தது, ஃபோல்டர் வரவில்லை. போன் செய்தால், "பச்சை வருதா? அப்ப விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சு. உங்க விண்டோஸ்லதான் கோளாறு" என்றார். அவர் சொன்னபடி, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தேன், நிறுத்திப் போட்டேன், இரண்டு இரவு இப்படியே போனது. பிறகு ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி வேண்டும், இணைய நிறுவனத்தில் தானே கட்டி வாங்கித் தருவதாகச் சொல்லி 3,000 வாங்கினார். நான்கு நாள் ஆயிற்று. 11-ஆம் தேதியும் தாண்டிவிட்டது. கடைசியாக ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போய் ஏதோ செய்து 1,500 வாங்கினார். என் கணவர் அங்கேதான் இருந்தார். ஆனால் கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது பவர் பட்டனோடு சரி. அன்று சாயங்காலம் என் திரை கோவையில் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

குட்டு உடைந்தது அண்ணன் மகளால். கல்லூரியில் நெட்வொர்க் படிக்கிறாள். வயர்கார்டு திரையைப் பார்த்துவிட்டு, "அத்தை, ரிசீவ்டுன்னு பக்கத்துல பூஜ்யம் போட்டிருக்கே, பாக்கலையா?" என்றாள். இங்கிருந்து அனுப்பிய கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, வந்தது ஒரு பைட் கூட இல்லை. வயர்கார்டில் 'ஆக்டிவ்' என்றால் இந்தப் பக்கம் தயார் என்று மட்டும்தான் அர்த்தமாம். எதிர்ப்பக்கம் ஆளே இல்லாவிட்டாலும் பச்சை எரியும். உண்மையில் தொடர்பு கிடைத்திருந்தால் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்று ஒரு வரி வரும். தகவல் போய் வந்துகொண்டிருந்தால் இரண்டு நிமிடத்துக்கொரு தடவை அது புதுப்பிக்கப்படும். எங்கள் திரையில் அந்த வரியே இல்லை.

அடுத்து ஃபைலைத் திறந்தாள். போய்ச் சேர வேண்டிய இடம், அதாவது 'எண்ட்பாயிண்ட்', 192.168.1.7:51820 என்று இருந்தது. அது ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, வெளியிலிருந்து அதைத் தேடிப் போக வழியே கிடையாது. அவர் லேப்டாப் எங்கள் வைஃபையிலேயே இருந்ததால் அன்று திறந்தது. அண்ணன் வீட்டு ரௌட்டரும் 192.168.1 என்றுதான் எண் கொடுக்கிறது. அங்கே 7 யார் என்று பார்த்தால், ஹாலில் இருக்கும் டிவி. இரண்டு இரவும் நான் டிவியிடம் டேலி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, வெளி முகவரியைப் போட்டிருந்தால்? அதுவும் நடந்திருக்காது. கணவரை வீடியோ காலில் வைத்து ரௌட்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். இணைய நிறுவனம் ரௌட்டருக்குத் தந்த முகவரியைக் காட்டும் 'வேன் ஐபி' என்ற இடத்தில் 100.83 என்று தொடங்கும் எண் இருந்தது. 'வாட் இஸ் மை ஐபி' என்று கூகிளில் தேடினால் வந்த எண் வேறு. ஐபி முகவரி பற்றாக்குறையால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இணைய நிறுவனங்கள் அடைத்து வைக்கின்றன. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். அப்படிப்பட்ட இணைப்பில் நம் ரௌட்டரில், வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு போட்டாலும் வீண், ஏனென்றால் தெருவாசல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். முதல் நாளே அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டேடிக் ஐபி பற்றி நிறுவனத்திடம் கேட்டேன். எங்கள் இணைப்புக்கு அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

அப்படியானால் திரை எப்படித் தெரிந்தது? மூன்றாம் தடவை அவர் போட்டது விபிஎன்னே இல்லை, இலவசமாகக் கிடைக்கும் ரிமோட் செயலி. ஆள் இல்லாமலே உள்ளே நுழைய ஒரு நிரந்தர பாஸ்வேர்டு, அதுவும் அவர் வைத்தது. ரௌட்டரில், வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்கு விடும் டிஎம்இசட்டைத் திறந்துவிட்டு, டெஸ்க்டாப்பின் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். ஏழெட்டுக் கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் அதே பிரௌசரில் சேமித்து வைத்திருந்தேன், அது என் தப்பு. செயலியின் பதிவேட்டில் ஒரு நாள் இரவு 11:40-க்கு யாரோ நுழைந்ததாக இருந்தது. அது அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஒவ்வொரு கடைக்காரரையும் ஓடிபிக்காக எழுப்பியதில் வாங்கிய திட்டு தனி.

இப்போது டெயில்ஸ்கேல் என்ற வேறொரு விபிஎன் போட்டிருக்கிறோம். இரண்டு கம்ப்யூட்டரும் வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும், நேராக முடியாவிட்டால் நடுவில் ஒரு சர்வர் வழியாகப் பேசும். பொது முகவரி தேவையில்லை, வீட்டு உபயோகத்துக்குக் காசும் இல்லை. இருபது நிமிட வேலை. ஃபோல்டர் திறந்தது, ஆனால் அதன் வழியாக டேலி நத்தை மாதிரி நகர்ந்தது. தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையையே இங்கே கொண்டுவரும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்தான் சரி என்று பார்த்தால், விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் அப்படி நுழைய முடியாது, ப்ரோ வேண்டும். வாங்கினேன். கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் ஒரு மாற்றம், ஸ்லீப் ஆஃப், அவ்வளவுதான். 3பி 20-க்குள் போய்விட்டது.

யாராவது வீட்டுக்கு வந்து விபிஎன் போட்டுக் கொடுத்தால், காசை எடுக்கும் முன் இரண்டாவது கம்ப்யூட்டரை வைஃபையிலிருந்து கழற்றி போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அவர் முகத்தைப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னதும், ஸ்டேடிக் ஐபிக்கு வாங்கிய 3,000 மறுநாள் ஜிபேயில் வந்து விழுந்தது. மீதி 6,000 அவருடைய உழைப்புக்காம். கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி: "மேடம், கூகிள்ல ரிவ்யூ மட்டும் போட்டுடாதீங்க." இன்னும் பதில் போடவில்லை.