படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் குமரி மாவட்டத்தில் நான்கு வழிகள்: எது யாருக்கு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் கன்னியாகுமரி. அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாரும் படித்த ஊரில் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர் அதை வெளியில் சொல்லவே கூசுகிறார். விவரம் தெரிந்த ஆசிரியர் அடுத்த தெருவில் இருந்தாலும் போய்க் கேட்பதில்லை. கடைசியில் யாரோ ஒரு ஏஜென்ட் வந்து ‘ஒரே மாசத்தில பிளஸ் டூ வாங்கித் தாறேன்’ என்று சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இந்த அலசலை விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

என் மனதில் இருப்பவர்கள் இவர்கள்: தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் பதினைந்து வயதிலேயே மாமாவோடு ஆழ்கடலுக்குப் போன பையன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தகப்பனைக் கொண்டுபோனபின் வீட்டுப் பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டு, இன்று இருபது வயதைத் தாண்டி நிற்கும் மூத்த பிள்ளை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் அக்கா. கல்யாணம், குழந்தை என்று பிளஸ் ஒன்னோடு நின்றுபோன பெண். கணக்கில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்று, தனக்குப் படிப்பே வராது என்று முடிவுகட்டிவிட்டவர்.

இவர்கள் முன்னால் உண்மையாக இருப்பவை நான்கு வழிகள். அரசுப் பள்ளிக்கே திரும்பிப் போவது. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, தேர்வு எழுதுவது. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்வது. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, மொழிப்பாடத் தேர்வு எழுதி அதைப் பத்தாம் வகுப்புக்கோ பிளஸ் டூவுக்கோ இணையான சான்றாக மாற்றிக்கொள்வது. நான்கில் எது பெரியது என்று கேட்பதைவிட, உங்கள் படிப்பை எது நிறுத்தியது என்று முதலில் கேளுங்கள். நேரமா, கணக்கா, காசா, கூச்சமா? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும். சான்றிதழை நாளை எங்கே கொண்டுபோய் நீட்டப் போகிறீர்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

பள்ளிக்கே திரும்புவது

பிள்ளைக்குப் பதினேழு வயதுக்குள் என்றால், வேறு எதையும் யோசிக்கும் முன் இதைத்தான் முயல வேண்டும் என்று அழுத்தியே சொல்வேன். காரணம், அரசுப் பள்ளியில் படித்ததற்காகவே கிடைக்கும் சில உரிமைகள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பிறகு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் (2022), பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியைத்தான் பார்க்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமைக்கும் பள்ளி வகுப்புகளிலிருந்தே சான்று கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிள்ளையை அவசரத்தில் வேறு வழிக்குத் திருப்பினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். குடும்பங்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தடை என்னவென்றால் வருகைப் பதிவு, காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய கூச்சம். இந்தக் கூச்சத்தைத் தலைமையாசிரியர் நினைத்தால் ஒரு வாரத்தில் போக்கிவிடலாம். நினைக்காவிட்டால் பிள்ளை மறுபடி நின்றுவிடும். சேர்க்கையில் சிக்கல் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். இருபது வயதைத் தாண்டியவருக்கு இந்த வழி இல்லை.

தனித்தேர்வரா, என்.ஐ.ஓ.எஸ்ஸா?

பெரும்பாலானோர் குழம்புவது இந்த இடத்தில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். எதையும் மாற்ற முடியாது. கணக்கு வரவில்லை என்றால் வரும்வரை எழுத வேண்டியதுதான். நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுத எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; அதுவும் இல்லாதவர் எட்டாம் வகுப்புத் தனித்தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

என்.ஐ.ஓ.எஸ்ஸில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பள்ளிச் சான்று இல்லாதவர், இந்தப் படிப்பைப் படிக்க முடியும் என்று தாமே உறுதிமொழி எழுதிக்கொடுத்து, வயதுச் சான்று இணைத்தால் போதும். ஐந்து பாடங்களில் ஒரு மொழி கட்டாயம்; அதிகபட்சம் இரண்டு மொழி எடுக்கலாம். மற்றவை உங்கள் விருப்பம். கணக்கை விட்டுவிட்டு மனையியல், வணிகவியல், பொருளியல், ஓவியம் என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியிலும் படிக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் கிடையாது. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. மாநிலத் தேர்வில் ஏற்கெனவே தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும். அதாவது தமிழும் சமூக அறிவியலும் தேறி, கணக்கில் நின்றவர் மூன்றே பாடம் எழுதி முடிக்கலாம். கணக்கினால் நின்றுபோனவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

நம் மாவட்டத்துக்கு மட்டுமே உரிய ஒரு கணக்கும் இருக்கிறது. இங்கே மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரை விதியில் வரும் சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கடற்கரை விதியில் வரும் குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. என்.ஐ.ஓ.எஸ். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். மாநிலத் தேர்வு மார்ச்-ஏப்ரல். தோற்ற பாடங்களை எழுதத் துணைத்தேர்வு ஜூன்-ஜூலையில்.

இதை வைத்துப் பாருங்கள். சின்னமுட்டத்துப் படகுத் தொழிலாளி கரையில் இருக்கும் நேரத்திலேயே என்.ஐ.ஓ.எஸ்ஸின் ஏப்ரல்-மே தேர்வு வந்துவிடுகிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவருக்கு அந்தத் தேர்வு கடலில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஒன்றிரண்டு பாடம் மட்டும் பாக்கி என்றால் அவருக்கு மாநிலத் துணைத்தேர்வுதான் கைகொடுக்கும். ஒரே மாவட்டம், ஒரே தொழில். சின்னமுட்டத்துக்குச் சரியாக வரும் பதில் தேங்காய்ப்பட்டணத்துக்குத் தப்பாகப் போகிறது. ரப்பர்த் தோட்டத்துக்காரருக்கு இன்னொரு கணக்கு. வெட்டு மதியத்துக்குள் முடியும், தை மாசியில் இலையுதிர்ந்து பால் குறையும். மார்ச் மாதத் தேர்வுக்குப் படிக்க அவருக்குக் காலம் இயல்பாகவே அமைகிறது. அதனால் அவருக்கு நான் தனித்தேர்வைத்தான் சொல்வேன்.

தனித்தேர்வில் பலரும் கவனிக்காமல் விடுவது அறிவியல் செய்முறை. தேர்வுக்குப் பல மாதம் முன்னரே அதற்குத் தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். 80 சதவீத வருகை கேட்பார்கள். செய்முறைக்கு 25 மதிப்பெண். இதைத் தவறவிட்டால் அந்த வருடம் எழுத முடியாது. கடலில் இருப்பவருக்கு உண்மையான முட்டுக்கட்டை இதுதான்.

பிளஸ் டூவில் வேறுபாடு இன்னும் கூடும். நேரடித் தனித்தேர்வராக வருபவர் செய்முறை இல்லாத பாடங்களைத்தான் எடுக்க முடியும். வரலாறு, பொருளியல், வணிகவியல் போதும் என்பவருக்கு அதனால் குறையில்லை. ஆனால் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்ற கனவு! பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். என்.ஐ.ஓ.எஸ்ஸில் இந்தப் பாடங்களைச் செய்முறையோடு எடுத்துத் தேறியவர்களை இந்திய நர்சிங் கவுன்சில் விதி ஏற்கிறது. நீட் தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் வரக்கூடாது என்று இருந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் நீக்கியது. அறிவியல் வேண்டும், பள்ளிக்குப் போக வழியில்லை என்றால் என்.ஐ.ஓ.எஸ். தவிர வேறு இல்லை.

அப்படியானால் எல்லாரையும் என்.ஐ.ஓ.எஸ்ஸில் சேர்த்துவிடலாமா? கூடாது. 1989-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது, சான்றிதழில் குறையில்லை. குறை கற்பித்தலில். புத்தகத்தைக் கையில் தந்துவிடுவார்கள். நேர்முக வகுப்புகள் சொற்பம். மையத்துக்கு மையம் தரம் மாறுகிறது. மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு. அதை ஒழுங்காகச் செய்தாலே தேர்ச்சி பாதி கைக்கு வந்தது மாதிரி, ஆனால் சில இடங்களில் யாரோ எழுதியதைப் பார்த்து எழுத வைத்து, படிக்கும் அந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறார்கள். அவரவர் வேகத்தில் படிப்பது என்பது சொல்ல அழகாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பத்து வருடம் முன்னால் புத்தகத்தை மூடிய ஒருவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் அந்த வேகம் நின்றே போகும். ஆகவே என்.ஐ.ஓ.எஸ். எடுத்தால் கூடவே ஓர் ஆசிரியரையும் தேடிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் கோயில் வளாகத்தில் சாயங்கால ட்யூஷன் நடக்கிற இடங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் அதே ஆசிரியரிடம் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று சொல்பவர் குறைவு.

அரசு வேலைதான் குறி என்றால் மாநிலச் சான்றிதழே சௌகரியம், இணைத்தன்மை பற்றி எந்த மேசையிலும் கேள்வி வராது. வளைகுடாதான் குறி என்றால் இரண்டும் ஒன்றே. பத்தாம் வகுப்புத் தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற இ.சி.ஆர். குறிப்பு வராது. மார்த்தாண்டத்திலும் கருங்கல்லிலும் பலர் முப்பது வயதில் பத்தாம் வகுப்பு எழுத வருவதன் பின்னணி இதுதான். இந்தக் குறிப்பை நீக்க என்.ஐ.ஓ.எஸ். சான்றும் போதுமானது.

ஐ.டி.ஐ.: ஏன் இதைக் கீழாகப் பார்க்கிறோம்?

நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். பிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவசப் பஸ் பாஸ். எட்டாம் வகுப்போடு சேர்ந்து இரண்டு வருடப் பயிற்சி முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் அது பத்தாம் வகுப்புக்கு இணை. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர் பிளஸ் டூ மொழித்தாள்களை எழுதினால் பிளஸ் டூவுக்கு இணை. கணக்கையும் அறிவியலையும் மறுபடி எழுத வேண்டாம். அதே கோணத்தில் இருக்கும் அரசு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கையில் தொழில், கூடவே இணைச் சான்று. பதினாறு பதினேழு வயதில் பள்ளி பிடிக்காமல் நின்ற பையனுக்கு நான்கில் இதுதான் சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. ‘படிக்காதவன் போகிற இடம்’ என்று வீட்டில் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். குறையும் சொல்லிவிடுகிறேன். இது முழுநேரப் படிப்பு. வேலை பார்த்துக்கொண்டு முடியாது. நர்சிங்குக்கோ மருத்துவத்துக்கோ இந்த இணைச் சான்று உதவாது. மொழித்தேர்வை ‘அப்புறம் எழுதலாம்’ என்று தள்ளிப்போடுபவர்கள் அதிகம். பயிற்சி முடிந்த சூட்டோடு எழுதாவிட்டால் வேலை, வெளிநாடு என்று போய், இணைச் சான்று இல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன்

பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கலாம் என்பார்கள். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. பட்டம் வாங்கியபின் திரும்பிவந்து பிளஸ் டூ எழுதினாலும் வரிசை சரியாகாது.

பெயரிலே ‘போர்டு’ என்றும் ‘கவுன்சில்’ என்றும் போட்டுக்கொண்டு, தேர்வே எழுதாமல் மதிப்பெண் பட்டியல் தரும் கும்பல்களும் உண்டு. அந்தச் சான்றோடு போய்ச் சரிபார்ப்பில் மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். என்.ஐ.ஓ.எஸ். பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் மையத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் அங்கீகார எண் என்ன, பதிவுக் கட்டணத்துக்கு நிறுவனத்தின் இணையதள ரசீது என் பெயரில் வருமா, தேர்வு எந்த ஊர் மையத்தில். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் ஒரே வருடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னால் நாலாவது கேள்வி தேவையே இல்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி இருந்தால்தான் என்.ஐ.ஓ.எஸ். முழுச் சான்றிதழ் தரும். அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.