சிவப்பரிசிப் புழுங்கலா, சிறுதானியமா: இரண்டு பேர் வீட்டில் எது நிலைக்கும்?

கணவருக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்தியாவில் 13.6 கோடிப் பேர் அந்த நிலையில் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்னது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. நடக்கச் சொன்னார், தீட்டிய அரிசியைக் குறைக்கச் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் மாறினால் இருவரும் சேர்ந்தே மாறுவது என்று முடிவெடுத்தோம். அவருக்குத் தனி உலை, எனக்குத் தனி உலை என்று ஆரம்பித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகிற இருவர் தினமும் இரண்டு சோறு வடிப்பது நடக்காத காரியம். கொஞ்ச நாளில் சுலபமான சோறுதான் ஜெயிக்கும்.

திருச்சியில் எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, ஓட்ஸ், பல தானிய ஆட்டா, சத்துமாவு மாதிரியான பாக்கெட்டுகள். இரண்டு, சாமை, வரகு, தினை, குதிரைவாலி. மூன்று, மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி, அதுவும் தீட்டாத புழுங்கல். நாங்கள் இப்போது மூன்றாவதில் நிற்கிறோம். கேழ்வரகும் கம்பும் அதற்குத் துணை. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பாக்கெட்டுகளை நீண்ட நேரம் யோசிக்கவில்லை. உறையின் பின்பக்கத்தைப் படித்தால் போதும். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. பல தானிய ஆட்டா பலவற்றில் கோதுமை முதலில் பெரும் பங்காக நிற்கும், மற்றவை ஒன்றிரண்டு சதவீதத்தில் வரிசை கட்டும். ஓட்ஸ் நல்ல தானியம்தான். அவசரத்துக்கு உதவும், ஆனால் சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் அது சோறாகாது.

சத்தில் எது மேல்? நேர்மையாகச் சொன்னால் சிவப்பரிசி இங்கே முதலிடம் பெறாது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு, தவிடு நீக்காத அரிசியில் நாலரைக்குப் பக்கம், கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டிலும் சிறுதானியம் முந்துகிறது. இக்ரிசாட் என்கிற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 2021-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு, சிறுதானியங்களின் சராசரியை 52.7 என்றும் தீட்டிய அரிசி அதைவிட வெகு உயரத்தில் இருப்பதாகவும் சொல்கிறது. இவற்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால் நான் இந்தக் கட்டுரையையே எழுத வேண்டியதில்லை.

விலையிலும் பெரிய தீர்ப்பு இல்லை. எங்கள் பக்கம் சாமையும் மாப்பிள்ளைச் சம்பாவும் கிலோ நூறு ரூபாயை ஒட்டித்தான். கருப்புக் கவுனி அதைவிட ஏறும். கேழ்வரகு பாதி விலை.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று: தானியம் வீட்டில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது. பெரிய குடும்பத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல, மூட்டை வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். இரண்டு பேர் வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்குகூட ஆகாது. அதிலும் நாலைந்து வகைச் சிறுதானியத்தை வாங்கி வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு டப்பாவும் மாதக் கணக்கில் காத்திருக்கும்.

தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தவிட்டு எண்ணெய் என்று பாட்டிலில் விற்பதும் அதைத்தான். உமி மூடியிருக்கும் வரை அந்த எண்ணெய் பத்திரம். உமியை நீக்கும்போது மேல்தோல் உரசிச் சிதைகிறது. உடனே தவிட்டிலேயே உள்ள லிபேஸ் என்கிற நொதி எண்ணெயோடு கலந்து அதை உடைக்கத் தொடங்கும். அதன் பிறகு காற்று தன் வேலையைச் செய்யும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் சிக்கு வாடையும் நாக்கில் நிற்கும் கசப்பும் இதனால் வருபவை. கடைக்காரர் அரிசியைப் பளபளவென்று தீட்டுவதற்கு வெள்ளை நிறத்தின் மீதான நம் ஆசை ஒரு காரணம் என்றால், தவிடு போன தானியம் அலமாரியில் நெடுநாள் நிற்கும் என்பது இன்னொன்று.

சிறுதானியத்தின் சிக்கலும் இங்கேதான். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் உமி உண்டு, நீக்கித்தான் ஆக வேண்டும். நீக்கியபின் தவிட்டை விட்டுவைத்தால் சீக்கிரம் கெடும். அதனால் ஆலையிலேயே அதையும் தீட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமையும் வரகும் இப்படிப் பெரும்பகுதித் தவிடு போனவை. மேலே சொன்ன நல்ல எண்கள் அந்த வெள்ளைச் சாமைக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. தீட்டாத சாமை மங்கலான பழுப்பில் இருக்கும், ஆக்கினால் சற்று ஒட்டும். அது கிடைக்கிற கடைகளும் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அதை வெளியே வைத்து நிதானமாகச் சாப்பிட முடியாது. அரை கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாக வருகிறது. அவ்வளவு இடமும் கவனமும் தினமும் கொடுக்க முடிகிறவர்கள் தாராளமாகச் சிறுதானியத்துக்குப் போகலாம்.

புழுங்கல் அரிசியில் வேறு கதை. நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பங்கும் அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு காயவைத்து உமியை மட்டும் நீக்கினால், தவிடும் இருக்கும், பச்சரிசியைவிடத் தாமதமாகத்தான் சிக்கும் பிடிக்கும். எனக்குத் தெரிந்து இரண்டையும் ஒருசேரத் தருவது இந்தப் பழைய வேலைதான். அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல், புழுங்கலா பச்சையா என்று முதலில் கேளுங்கள். அதே மாப்பிள்ளைச் சம்பா பச்சரிசியாக வந்தால் சாமைக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் உண்டு. கைக்குத்தல் என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். இன்று அந்தப் பெயரில் வருவதில் பெரும்பாலும் ரப்பர் உருளை இயந்திரத்தில் உமி நீக்கியதுதான். அது தப்பில்லை. தவிடு இருக்கிறதா என்பதே கேள்வி.

வண்டு வரும், அதை மறைக்கவில்லை. தவிடு நமக்கு மட்டுமா பிடிக்கும்? காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கிறோம், மழைக்காலத்தில் அதையும் மீறி வரும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போய்விடுகிறது. சிக்கு அப்படிப் போகாது. வண்டைப் பொறுக்கலாம், கெட்ட எண்ணெயைப் பொறுக்க முடியாது.

சமையலுக்கு வந்தால் சிறுதானியம் சுலபம். சாமை கால் மணி நேரத்தில் வெந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பாவை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், ஒன்றுக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு ஏழெட்டு விசில். எங்கள் வீட்டில் ராத்திரி பாத்திரம் துலக்குபவர் அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் அது அவர்தான். காலையில் குக்கர் என் பொறுப்பு. இந்த வேலைப் பகிர்வு இல்லாவிட்டால் சிவப்பரிசி ஒருவர் தலையில் சுமையாகிவிடும், நீடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் சிறுதானியம் நிச்சயம் மேல்.

ஆனால் மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் டப்பாவில்தான் போகிறது. சாமைச் சோறும் வரகுச் சோறும் சூட்டில் உதிரியாக, அருமையாக இருக்கும், ஆறினால் வறண்டு தொண்டையில் நிற்கும். தயிர் சாதமாகப் பிசைந்துகொண்டு போனால் நன்றாக இருக்கிறது, தினமும் தயிர் சாதம் அலுக்கும். சிவப்பரிசி ஆறினாலும் மென்று சாப்பிட வாகாக இருக்கும். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை மசியல் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. ரசத்துக்கு மட்டும் கொஞ்சம் குழைய விட வேண்டும். மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் நீராகாரம், சின்ன வெங்காயத்தோடு. “சோறு சாப்பிட்ட மாதிரி இருக்குப்பா, அதுதான் வேணும்” என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய சான்று. வேளைக்குச் சாப்பிடும் அளவும் தானாகவே குறைந்தது. நிறைய மெல்ல வேண்டியிருக்கிறது, வயிறு சீக்கிரம் நிறைகிறது.

இரவுக்குக் கேழ்வரகும் கம்பும். இவற்றுக்கு உமி நீக்கும் வேலையே இல்லை என்பதால் தவிட்டோடு அப்படியே வருகின்றன. கேழ்வரகை அந்தக் காலத்தில் குதிரில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள், முழுதாக இருந்தால் இன்றும் அது அப்படித்தான். கால்சியமும் 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. 2023-லிருந்து நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதைப் படித்தபோது, எங்கள் மாவட்டத்துக்கும் வரட்டும் என்று நினைத்தேன். கம்பு முழுதாக இருக்கும்வரை நல்லது, மாவாக்கினால் சில நாட்களில் கசக்கத் தொடங்கும். அதனால் மாவாக வாங்குவதில்லை. ஊறவைத்து உளுந்தோடு ஈரமாக அரைத்து, தோசைக்குப் புளிக்க வைக்கிறோம்.

சிவப்பரிசி என்றதும் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மாவுச்சத்து அதிலும் ஏராளம். சிறுதானியத்திலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. எங்கள் தட்டில் அரிசி மாறியதோடு பொரியலும் சுண்டலும் கூடின. அவருடைய அடுத்த பரிசோதனையில் அளவு 5.8-க்கு இறங்கியது. அதில் அரிசிக்கு எவ்வளவு, மாலை நடைக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சிறுநீரகம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அது இல்லை.

ரகம் எதுவாகவும் இருக்கலாம். மாப்பிள்ளைச் சம்பா கிடைக்காதபோது வேறு சிவப்பரிசிப் புழுங்கல் வாங்கியிருக்கிறோம், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை ரகம் கேட்டு வாங்க முடிவதே திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் போன்றவர்களால்தான். விதைநெல் 2 கிலோ கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை இன்னொரு விவசாயிக்குக் கொடுத்து, 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்ட மனிதர் அவர்.

வாங்கும்போது அரைத்த தேதியைக் கேளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் என்றால் யோசியுங்கள். தேதி தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், நாலு அரிசியை வாயில் போட்டு மென்று பாருங்கள். லேசான இனிப்பு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கசந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.