மதுரையில் அக்காவுக்கு முதல் ஊசி

மான்செஸ்டரிலிருந்து ஐந்து வார விடுப்பில் மதுரைக்குச் சென்றிருந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரவாங்கி எனப்படும், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தால் அவதிப்படும் என் அக்காவுக்கு, உயிருள்ள செல்களில் தயாராகும் உயிரியல் மருந்துகளில் ஒன்றான அடலிமுமாப் தொடங்கும் வேலையை நானே முன்னின்று செய்தேன். அதே நோய்க்கு அதே ஊசியை இங்கிலாந்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானும் போட்டுக்கொள்வதால், இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்ற நினைப்பு இருந்தது.

அங்கே எனக்கு இரண்டு மருந்துகள் பலன் தராமல் போய், 28 மூட்டுகளைச் சோதித்து நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் மதிப்பெண் 5.1-ஐத் தாண்டிய பிறகே இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. மதுரையில் மருத்துவர் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்து மட்டும் இனிப் போதாது என்று கூறி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே, காசநோய் ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

காசநோய்ப் பரிசோதனையில்தான் தடை வந்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும், கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருப்பதாக ரத்தம் காட்டியது. மூட்டு வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற எந்தப் புரதத்தை இந்த ஊசி அடக்குகிறதோ, அதே புரதம்தான் அக்கிருமியைச் சுற்றி உடல் எழுப்பிய சுவரைக் காத்து நிற்கிறது என்றும், சுவர் தளர்ந்தால் நோய் எழுந்துவிடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதம் காசநோய்க்கான ஐசோனியாசிட் மாத்திரை, அதில் முதல் மாதம் முடிந்த பிறகு ஊசி, இடையே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை என்று முடிவாயிற்று. முதல் ஊசி நான் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு அமைந்தது.

அடலிமுமாபைப் போலவே வேறு நிறுவனம் தயாரிக்கும் ஒப்புமருந்து 2014 டிசம்பரிலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் அது 2018 அக்டோபரில்தான் கிடைத்தது. ஆயினும் அங்கே நான் ஊசிக்காகப் பணம் எதுவும் கட்டுவதில்லை. இங்கே அக்கா ஒவ்வொரு ஊசியையும் தன் கைக்காசில் வாங்க வேண்டும். மருத்துவமனையில் படுக்காமல் போட்டுக்கொள்ளும் ஊசி என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. மருந்துக் கடையில் மூன்றுக்கு ஒன்று இலவசம் என்றார்கள்; ஆடித் தள்ளுபடி நினைவுக்கு வந்தது.

மருந்து நிறுவனம் அனுப்பிய செவிலியர் வீட்டுக்கே வந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடும் முறையை நன்றாகவே கற்றுக்கொடுத்தார். தெர்மாகோல் பெட்டியில் வந்த ஊசிகளைக் குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வைக்கச் சொன்னார். ஆனால், பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இங்கிலாந்தில் அதற்கென மஞ்சள் பெட்டி தருவார்கள். நாங்கள் தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொண்டோம்.

எனக்குப் பெரும் குறையாகத் தெரிந்தது வேறு. காய்ச்சல் வந்தால் அந்த வார ஊசியைப் போடலாமா என்பது போன்ற ஐயங்களுக்கு, இங்கிலாந்தில் முடக்குவாதப் பிரிவுச் செவிலியரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. 2001-இல் நோயாளி ஒருவர் தொடங்கிய தேசிய முடக்குவாதச் சங்கத்தையும் அழைக்கலாம். இங்கே கிடைத்தது மருத்துவரின் உதவியாளருடைய வாட்ஸ்அப் எண் மட்டுமே. அதற்கும் பதில் மறுநாள் மாலைதான் வந்தது.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த நாளில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. ரிட்டுக்சிமாப் என்ற வேறொரு உயிரியல் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிக்கொள்ள வந்திருந்த அவர், தேதி, மருந்து, வலி, காய்ச்சல் என்று கட்டம் போட்ட நோட்டு ஒன்றை அக்காவிடம் காட்டினார். அவரையும் சேர்த்து ஆறேழு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மருந்தை மாற்றச் சொல்வதில்லை, எப்போது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறார்கள். அக்கா அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினாள்.

நான் திரும்பிய பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். எனக்குத் தகவல் வந்தபோது, ஆசிரியையிடம் பேசி, மருத்துவரைப் பார்த்து, ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்தும் முடித்திருந்தாள்.