நானே அடித்த டமாஸ்கஸ் கத்தி: ஆறு வருடச் சமையலறை அனுபவம்

2019-ல் முதல்முறையாக இரண்டு வகை எஃகை உலையில் ஒட்டி அடித்து, மேலே வரிவரியாகத் தெரியும் டமாஸ்கஸ் சமையல் கத்தி ஒன்று செய்தேன். அதே மாதம், வரி எதுவும் இல்லாத, 1084 என்னும் ஒரே வகை எஃகில் இன்னொரு கத்தியும் செய்தேன். இரண்டுக்கும் அலகு நீளம் 180 மில்லிமீட்டர். ஒரே தோய்ச்சல் (சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தி இறுக்குவது), ஒரே கருங்காலிக் கைப்பிடி. அன்றிலிருந்து இரண்டும் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருக்கின்றன. தினமும் காய் நறுக்குவது அவற்றில்தான். டமாஸ்கஸ் கத்தி நன்றாக வெட்டுமா, அந்த வரிகள் நிலைக்குமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

முதலில் எஃகு. நான் எடுத்தது 1084-ம் 15என்20-ம். முதலாவதில் கரிமம் சுமார் 0.84 சதவீதம், கூடவே மாங்கனீசு. இரண்டாவதில் கரிமம் 0.75 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நிக்கல் ஏறக்குறைய 2 சதவீதம். அமிலத்தில் நனைத்தால் நிக்கல் உள்ள அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுத்துப்போகும். கண்ணுக்குத் தெரியும் வரிகள் முழுக்க இந்த வேறுபாட்டில் பிறந்தவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இறுகுபவை என்பதால் தோய்ச்சலில் ஒன்றை ஒன்று இழுத்துப் பிளப்பதில்லை. அதற்கு முன்னால் மரம் அறுக்கும் மில்லில் வாங்கிய பழைய ரம்பப் பட்டையை வைத்துப் பழகினேன். அப்படிப்பட்ட பட்டைகளில் சிலவற்றில் நிக்கல் உண்டு, சிலவற்றில் கிடையாது. ஒரு துண்டை வெட்டி அமிலத்தில் போட்டுப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தால் ஒரு நாள் உழைப்பு வீண்.

1084-ல் 3 மில்லிமீட்டர் தகடு ஏழு, 15என்20-ல் ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஆறு. மாற்றி மாற்றி அடுக்கினால் 13 அடுக்கு, 30 மில்லிமீட்டர் தடிமன், எடை 1.3 கிலோ சொச்சம். ஒவ்வொரு தகட்டின் இரண்டு முகத்தையும் பளபளவென்று கிரைண்டரில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஓரங்களை ஆர்க் வெல்டிங்கில் கட்டி, பிடிக்க ஒரு கம்பியை ஒட்டிக்கொண்டேன். ஓரளவு சூடேறியதும் மேலே வெண்காரம் தூவ வேண்டும். வெண்காரம் உருகிக் கண்ணாடிபோல் மூடி, காற்றுப் படாமல் காக்கும். சூட்டில் எஃகின்மேல் ஏற்கெனவே படிந்த செதிலையும் கரைத்துக்கொண்டு வெளியேறும். உலைக்குள் ஒட்டும் சூடு 1150-லிருந்து 1250 டிகிரி. நிறம் நல்ல மஞ்சள். மேலே வெண்காரம் உருகிய நெய் கொதிப்பதுபோல் குமிழியிடும். இந்த அடுக்குப் பாளத்துக்கும் உலைச் சுவருக்கும் நிற வித்தியாசம் தெரிகிறவரை வெளியே எடுக்கக் கூடாது. வெளிப்பக்கம் மஞ்சளாகியும் நடு இன்னும் ஆரஞ்சாக இருக்கும். அவசரப்பட்டு அடித்துக் கெடுத்த பாளங்கள் என்னிடம் மூன்று உண்டு.

முதல் அடி ஓங்கி விழக் கூடாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, மூடி வைப்பதுபோல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். உருகிய வெண்காரம் பக்கவாட்டில் பீறிட்டு அடிக்கும். தோல் ஏப்ரன், கண்ணாடி, மூடிய செருப்பு மூன்றும் இல்லாமல் பட்டடைக்கல் பக்கம் நிற்காதீர்கள். கேஸ் உலையைத் திறந்த வெளியில் வையுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். உலைக்குள் இருக்கும் பீங்கான் பஞ்சின் இழை மூச்சில் போகக் கூடாதது. வெண்காரம் அந்தப் பஞ்சை அரித்தும் தின்னும். அதனால் உட்சுவரில் சூடு தாங்கும் சாந்து பூசியே ஆக வேண்டும்.

ஒட்டிய பாளத்தை நீட்டி, நான்காக வெட்டி, மறுபடி அடுக்கி ஒட்டினால் 52 அடுக்கு. உண்மையில் 49 தான், ஏனென்றால் வெளிமுகம் இரண்டும் 1084. ஒன்றோடொன்று சேரும்போது ஒரே அடுக்காகிவிடும். இன்னொரு முறை நான்காக்கினேன்: 193. சம்மட்டி பிடிக்க ஆள் இருந்தும் ஒரு பாளத்துக்கு முழு நாள் ஆனது. 19 கிலோ கேஸ் சிலிண்டரில் பாதி காலி. செதிலாக உதிர்ந்தது, கிரைண்டர் தின்றது எல்லாம் போக, 1.3 கிலோவிலிருந்து இரண்டு கத்திக்கான இரும்புதான் கையில் மிஞ்சியது.

இதற்குப் பிறகு வருவதில்தான் ஒரு கத்தியின் தலைவிதி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒட்டும் சூட்டில் பலமுறை கிடந்த எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்துவிடும். முதல் பாளத்தின் ஓரத்துண்டை அப்படியே தோய்ச்சல் போட்டு வைசில் பிடித்து உடைத்தேன். உடைந்த முகம் சர்க்கரைபோல் மினுமினுத்தது. அதை அப்படியே கத்தியாக்கியிருந்தால் ஒரு எலும்பில் பட்டாலே வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உதிர்ந்திருக்கும். அடுத்த துண்டை 870, 815, 760 டிகிரி என்று இறங்குமுகமாக மூன்று முறை சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டேன். பிறகு உடைத்தபோது முகம் சாம்பல்போல் மழமழவென்று இருந்தது. கத்திக்கும் அதையே செய்து, 815 டிகிரியில் எடுத்து, 55 டிகிரிக்குச் சூடாக்கிய சூரியகாந்தி எண்ணெயில் தோய்த்தேன். வெப்பமானி இல்லாதவர்கள் காந்தத்தை நம்பலாம்: 770 டிகிரியை ஒட்டிக் காந்தம் ஒட்டாமல் போகும், அதற்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். தோய்த்த உடனே, நொறுங்காமலிருக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதப்படுத்தினேன். நான் வேலை செய்யும் இடத்தில் சோதித்தபோது, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60 காட்டியது.

வரி எழுப்ப நான் அமிலம் என்று சொல்வது பெரிக் குளோரைடு கரைசல். சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் அதே சரக்குதான். எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு வடிநீர், பத்துப் பத்து நிமிடமாக. இடையிடையே மெல்லிய தாளால் கறையைத் தேய்த்துவிட்டு மறுபடி முக்க வேண்டும். முடிவில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம் கெட்டியாகக் கலக்கிய இன்ஸ்டன்ட் காபியில் ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தேன். கறுப்பு அடுக்கு மையாக இறங்கியது.

பயன்பாட்டுக்கு வருகிறேன். இரண்டு கத்தியையும் அம்மாவிடம் கொடுத்து எதுவும் சொல்லாமல் விட்டேன். அரிவாள்மணையில் பழகிய கை. ஒரு வாரம் கழித்து வரி இல்லாத கத்தியைத்தான் எடுத்துக்கொண்டார். "அது வெங்காயத்துல சிக்குது கண்ணு, இது வழுக்கிட்டுப் போவுது" என்றார். எனக்கு அது பெரிய அடி. அளந்து பார்த்தேன். வாய்க்குச் சற்று மேலே டமாஸ்கஸ் கத்தியின் தடிமன் 0.6 மில்லிமீட்டர், மற்றதில் 0.3. வரி தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில் டமாஸ்கஸ் கத்தியை நான் போதுமான அளவு தேய்க்காமல் விட்டிருந்தேன். வரியைப் பற்றிய கவலையை விட்டு அதையும் 0.3-க்குக் கொண்டுவந்து, மறுபடி அமிலத்தில் நனைத்துக் கொடுத்தேன். அதன்பின் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. புளியமரக் கட்டையில் நறுக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆயிரம் நம்பர் கல்லில் தீட்டுகிறேன். ஆறு வருடமாக இரண்டும் ஒரே நாளில்தான் கல்லுக்கு வருகின்றன.

மென்மையான அடுக்கும் கடினமான அடுக்கும் மாறிமாறி வந்து ரம்பம்போல் அறுக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வதுண்டு. இந்த எஃகுச் சோடியில் அது நடக்காது. ஒட்டும் சூட்டில் கரிமம் ஒரு அடுக்கிலிருந்து பக்கத்து அடுக்குக்கு வேகமாக ஊடுருவி எங்கும் சமமாகிவிடும். நிக்கல் மட்டும் நகராமல் நிற்கும். வரி நிலைக்கிறது, கடினம் கலந்துவிடுகிறது.

வரிகளுக்கு என்ன ஆனது? காபியில் ஏறிய மைக்கறுப்பு நான்கு மாதத்தில் சாம்பலானது. மாங்காய்ப் பருவத்தில் ஊறுகாய்க்கு வெட்டியபோது நீலமும் ஊதாவுமாக ஒரு பூச்சு படிந்தது. வாழைப்பூ அதைக் கறுப்பாக்கியது. அந்தப் பூச்சு நல்லது, துருவைத் தள்ளிப்போடும். ஆட்காட்டி விரல் பதியும் இடத்தில் வரி பாதி மங்கிவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஈரத்தோடு தொட்டியில் கிடந்து முதுகில் துருப்புள்ளி விழுந்தது. டமாஸ்கஸ் என்றால் துருப்பிடிக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். கழுவியதும் துடைத்து, வாரம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுகிறோம். மூன்றாம் வருடம் ஒருமுறை, போன வருடம் ஒருமுறை மறுபடி அமிலத்தில் போட்டேன். இரண்டு முறையும் வரி முழுசாகத் திரும்பி வந்தது.

கடையில் வாங்குகிறவர்களுக்கும் இதுதான் சோதனை. மேலே அச்சிட்ட வரியை உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும், அமிலத்தில் போட்டாலும் திரும்பாது. உள்ளே ஒட்டி அடித்த வரி எவ்வளவு தேய்த்தாலும் அமிலத்தில் போட்டால் திரும்பி வரும். அதே நேரம், உண்மையான வரி இருப்பதால் மட்டும் நல்ல கத்தி ஆகிவிடாது. எந்த இரண்டு எஃகு, தோய்ச்சல் எப்படி என்று சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

பெயர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய டமாஸ்கஸ் வாள்களின் நீரோட்டம் போன்ற வரி இப்படி அடுக்கி ஒட்டியதில் வந்ததல்ல. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில் (உலையில் வைக்கும் கலம்) உருக்கிய எஃகு. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதியது. அந்தச் சொல்லுக்கு 'உருக்கு' என்ற நம் சொல்லோடு உறவு காட்டுவார்கள். தமிழ்நாட்டில் மேல்சிறுவலூரிலும் கொடுமணலிலும் அந்தத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. அதில் இருந்த மிகச் சிறிதளவு வனேடியம்தான் வரியாகக் கார்பைடுகளை ஒழுங்குபடுத்துகிறது என்று 1990-களில் உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் அடித்துக் காட்டினார்கள். நான் செய்வது வேறு மரபு. வைக்கிங் வாள்களிலும் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதையலின் வாளிலும் இருப்பது. 1973-ல் அமெரிக்கக் கொல்லர் பில் மோரன் தன் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகு அது மறுபடி உயிர் பெற்றது. இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதில் நம் ஊர் உருக்கின் பெருமை மறைந்துபோவது எனக்கு வருத்தம்.

இனி என் கத்தியின் குறை. இரண்டாம் வருடம் தேய்த்தபோது வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே மயிரிழைபோல் ஒரு கோடு கண்டேன், ஒரு விரற்கடை நீளம். கழுவிக் காயவைத்தால் அதிலிருந்து மட்டும் செம்பழுப்பு கசியும். ஒட்டாத இடம். இரண்டாவது முறை அடுக்கும்போது ஒரு முகத்தில் செதிலை முழுக்கத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன், வெண்காரம் உள்ளே சிக்கிவிட்டது. அதன்பிறகு தீட்டியதில் வாய் 3 மில்லிமீட்டர் மேலேறிவிட்டது. இப்போது கோட்டுக்கு 7 மில்லிமீட்டர் தூரம். வாய் அங்கே எட்டினால் அந்த இடத்தில் அலகு உதிரும். வரி இல்லாத கத்தியில் இந்தப் பயமே கிடையாது.

அதனால் இந்த வருடம் அடிப்பதை மாற்றிவிட்டேன். நடுவில் ஒரே தகடாக 1084, இரண்டு பக்கமும் வரியுள்ள பாளம். எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் கோடாலிக்கு எஃகு வைத்து அடிக்கிற அதே எண்ணம்தான். வாய்க்கு வருவது ஒரே எஃகு, ஒட்டு எதுவும் அங்கே இல்லை. வரி வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாய்க்கு மேலே 0.3 மில்லிமீட்டரை முதல் நாளே அளந்துவிட்டேன். தை மாதத்திலிருந்து அம்மா அதில்தான் நறுக்குகிறார்.